கவுன்ட் ஏறிய வீடு

கொரட்டூர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சகாயம்மாள் வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால் தெர்மாமீட்டரைத் தேட மாட்டார்கள். "கவுன்ட் பாத்தியா?" என்பதுதான் முதல் கேள்வி. சளி பிடித்தாலும் அதே கேள்வி. ஒருமுறை பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, முட்டி வீங்கி உட்கார்ந்திருந்தார். பார்க்கப் போன சகாயம்மாள், "எதுக்கும் ஒரு கவுன்ட் பாத்துடுங்கண்ணே" என்றாள்.

"முட்டிக்கு இன்னாம்மா கவுன்ட்டு?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். காரணம் தெருவுக்கே தெரியும்.

2017 மழைக்காலத்தில் அவள் மகன் டேனி டெங்குவில் போனான். இருபத்திமூன்று வயது. ஆவடியில் பைக் மெக்கானிக். ஆஸ்பத்திரியில் நாளுக்கு இரண்டு முறை ரத்தம் எடுத்து பிளேட்லெட் கவுன்ட் பார்த்தார்கள். தொண்ணூறாயிரம். நாற்பத்திரண்டாயிரம். பதினெட்டாயிரம். அந்த ஐந்து நாளில் ஏகாம்பரம் வீட்டுப் பப்பாளி மரம் மொட்டையானது. இலையை அரைத்து வடிகட்டி, தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு சகாயம்மாள் முதல் ரயிலைப் பிடிப்பாள். வார்டில் மற்ற கட்டில்காரர்களுக்கு ஏறியது. "ஏறிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், சாயந்திரம் அந்தக் கட்டிலுக்கு ஆட்டோ வந்துவிடும். டேனிக்கு ஒன்பதாயிரத்தோடு முடிந்தது. ரிப்போர்ட்டுகளை ஒரு பாத்திரக்கடைப் பையில் போட்டு பீரோவுக்கு மேலே வைத்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் எல் என்று ஓர் எழுத்து போட்டிருந்தால் அது குறைச்சல் என்று தெரியும்.

அதற்குப் பிறகு அவள் பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போவதை விட்டுவிட்டாள். ஞாயிறு பூசைக்குப் போவாள். மாதா திருநாளான செப்டம்பர் எட்டாம் தேதி மட்டும் போக மாட்டாள். யாராவது கூப்பிட்டால், "அவங்களுக்கும் ஒரே புள்ள. தெரியாதா அவங்களுக்கு?" என்பாள். அதற்கு மேல் யாரும் கூப்பிட்டதில்லை.

இந்தக் கதை டேனியின் அக்கா ஸ்டெஃபியைப் பற்றியது. ஆனால் டேனியைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

ஸ்டெஃபி பிறந்த வருஷம் அவள் அப்பா பிரகாசம் பாடியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். முதலாளி வீட்டு டி.வி.யில் ஒரு டென்னிஸ்காரி ஓடி ஓடி அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பெயரை வைத்தார். பெயருக்குரிய ஓட்டம் அவளிடம் இல்லை. கண் இருந்தது. சின்ன வயதிலேயே அரிசியில் கல் பொறுக்க அவளைத்தான் உட்கார வைப்பார்கள். அந்தக் கண்தான் அவளுக்குப் பிழைப்பும் ஆனது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி பிரேக்குக்கான ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில் பதினான்கு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மேசை, விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, இரண்டு தட்டு. ஒன்று ஓகே, இன்னொன்று ரிஜெக்ட். பிசிறு, வெட்டு, காற்றுக் குமிழி. விரலில் ஒரு சுற்று, கண்ணில் ஒரு சுற்று. ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் வளையம்.

அந்த வேலையில் டீவியேஷன் என்று ஒரு பழக்கம் உண்டு. அளவு ஒரு மயிரிழை கூடியிருக்கும். விதிப்படி தள்ள வேண்டும். ஆனால் வாங்கும் கம்பெனியில் லைன் நின்றுகொண்டிருக்கும். அப்போது சூப்பர்வைசர் ஹேமநாதன் வந்து, "டீவியேஷன்ல போட்டு அனுப்பும்மா, நான் கையெழுத்து போடறேன்" என்பார். தெரிந்தே விடுவது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பதினான்கு வருஷத்தில் அப்படிப் போன சரக்கு இரண்டே முறைதான் திரும்பி வந்தது என்று ஸ்டெஃபி சொல்வாள். அதனால்தான் அந்தப் பழக்கம் நின்றபாடில்லை.

2021-ல் ஒரு வாரம் அவளுக்கு இடது கண் வலித்தது. பிறகு அந்தக் கண்ணில் எல்லாம் வெளுத்துப்போனது. சிவப்பு, துவைத்துத் துவைத்துச் சாயம் போன சிவப்பாகத் தெரிந்தது. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். பாதி பார்வை திரும்பியது, பாதி திரும்பவில்லை. மறு வருஷம் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் கொரட்டூர் ஸ்டேஷன் படியில் நடந்தாள். பிறகு தலைக்கு ஸ்கேன். முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். பெயர் சொன்னார்கள்: மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். நரம்புக்கு மேலே இருக்கும் உறையை உடம்பே தின்கிறது.

அவள் கணவன் ஆன்சன் ஏ.சி. மெக்கானிக். ஸ்கேன் படத்தில் வெள்ளைப் புள்ளிகளை டாக்டர் காட்டியபோது, "ஒயர் மேல இருக்கற பிளாஸ்டிக்க எலி கடிச்சா மாதிரியா மேடம்?" என்றான்.

"அப்படியேதான். ஆனா எலி வெளிய இருந்து வரல" என்றாள் டாக்டர்.

டாக்டர் கிருஷ்ணப்பிரியா ஸ்டெஃபியை விட வயதில் சின்னவள். அவளுக்கு முன்னால் பதினைந்து பேர் வரிசையில் இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்வாள். இன்ஸ்பெக்‌ஷன் வேலை என்று தெரிந்ததும் அந்த வழியிலேயே சொன்னாள்.

"உங்க எலும்புக்குள்ள ஒரு ஃபேக்டரி ஓடுது. நோயோட சண்டை போடற செல் எல்லாம் அங்கதான் தயாராகுது. தினமும் கோடிக்கணக்குல. அதுல சிலது பிறக்கும்போதே தப்பு. கிருமிய விட்டுட்டு நம்ம உடம்பையே கடிக்கும். அத சோதிச்சு அழிக்கறதுக்கும் உள்ளயே ஏற்பாடு இருக்கு. பி செல்லுனு ஒரு வகை, அத எலும்புக்குள்ளயே சோதிக்கும். டி செல்லுனு இன்னொண்ணு, அத நெஞ்செலும்புக்குப் பின்னாடி ஒரு சுரப்பியில சோதிக்கும். வயசாக ஆக அந்தச் சுரப்பி சுருங்கிடும்."

"இன்ஸ்பெக்‌ஷன்ல ஆளக் கொறச்சுட்டாங்க" என்றாள் ஸ்டெஃபி.

டாக்டர் சிரித்தாள். "உங்களுக்கு அந்தச் சோதனையில தப்பிச்சு வெளிய வந்த சரக்கு நரம்பக் கடிக்குது. நாம போடப்போற மருந்து ஃபேக்டரிய மூடாது. ரத்தத்துல சுத்திக்கிட்டிருக்கற பி செல்ல எல்லாம் காலி பண்ணும். ஆனா எலும்புக்குள்ள உற்பத்தி நடந்துக்கிட்டேதான் இருக்கும். ஆறு மாசம், எட்டு மாசத்துல புதுசு வர ஆரம்பிக்கும். அதுக்குள்ள அடுத்த ட்ரிப்ஸ்."

"அந்தப் புதுச் சரக்குலயும் ரிஜெக்ட் இருக்குமா மேடம்?"

"இருக்கலாம்."

"நல்லத விட்டுட்டு ரிஜெக்ட மட்டும் பொறுக்க முடியாதா?"

"நாம போடற மருந்துக்கு அந்தக் கண்ணு இல்ல."

"அப்போ மொத்த லாட்டையும் ஸ்க்ராப்பு."

"ஆமா. அதனால உங்களுக்கு மத்த நோய் சுலபமா வரும். கூட்டம் கூடாது. ஜுரம்னா உடனே வரணும். போன கண்ணத் திருப்பித் தர இந்த மருந்தால முடியாது. இருக்கறத வெச்சுக்கறதுக்குத்தான்."

இருந்தது வலது கண். அதுதான் விஷயம். பூதக்கண்ணாடிக்கு ஒரு கண் போதும். நாலாயிரம் வளையத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, எதிர்மேசை ஜமீலாவிடம், "நீ ரெண்டு கண்ண வெச்சிகினு இன்னா கிழிச்ச?" என்று கேலி பேசிக்கொண்டிருந்தாள். ஜமீலா அவள் சேர்ந்த அதே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். "உனுக்கு மீதி கீற கண்ணுக்கு நாந்தாண்டி சுருமா போட்டு உடணும், கண்ணு பட்ரும்" என்பாள்.

முதல் ட்ரிப்ஸ் முடிந்து பரிசோதனை செய்தபோது ரிப்போர்ட்டைச் சகாயம்மாள்தான் முதலில் பிரித்தாள். பி செல்லுக்கு நேரே ஒரு பூஜ்யம். பக்கத்தில் எல்.

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். ஸ்டெஃபி பின்னாலேயே போனாள். "ம்மா, இது வேற கவுன்ட்டு. இது கொறையணும். கொறைஞ்சாத்தான் நல்லது."

"சரி."

"டாக்டரே சொன்னாங்க."

"சரிடி. நான் இன்னா சொன்னேன் இப்போ?"

மறுநாள் காலை ஸ்டெஃபியின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் பச்சையாக ஏதோ இருந்தது. வாசனையே சொல்லிவிட்டது. ஏகாம்பரம் வீட்டு மரம் இடைப்பட்ட வருஷங்களில் திரும்பவும் இலை விட்டிருந்தது. ஸ்டெஃபி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அதனால் கெடுதலும் இல்லை, பலனும் இல்லை என்று டாக்டர் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் பூஜ்யம் வந்தது, ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் சகாயம்மாள் ஒரு சுற்று இளைத்தாள். கறிவேப்பிலையைக்கூட உப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசினாள். வீட்டுக்குள் வரும் ஆன்சனை வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொன்னாள். "அத்த, நான் ஏ.சி. சர்வீஸ் பண்ணிட்டு வரேன். பொணத்தத் தூக்கினு வரல" என்று அவன் சொல்லிப் பார்த்தான். கழற்றினான். மூன்றாவது ட்ரிப்ஸுக்குப் பிறகு ஸ்டெஃபிக்கு நெஞ்சில் சளி கட்டி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டேனி கிடந்த அதே மாதம். சகாயம்மாள் அந்தப் பத்து நாளும் கட்டிலுக்குப் பக்கத்துத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

போன வருஷம் ஜூலையில் ஐந்தாவது ட்ரிப்ஸ் போட வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் எடுத்த பரிசோதனையில் நாற்பத்தாறு வந்தது.

சகாயம்மாள் விரலை வைத்துப் பார்த்தாள். திரும்பப் பார்த்தாள். "நாலு, ஆறு" என்றாள். எல் போகவில்லை. ஆனாலும் பூஜ்யம் இல்லை. "ஏறுதுடி" என்றாள். "ஏறுது பாரு."

ஸ்டெஃபிக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கோடவுனுக்குப் புதுச் சரக்கு வந்துவிட்டது. எதில் வெட்டு, எதில் பிசிறு என்று யாருக்கும் தெரியாத சரக்கு. சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சகாயம்மாள் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து வஞ்சிரத்தோடு வந்தாள். டேனி போனதற்குப் பிறகு அந்த வீட்டில் வஞ்சிரம் வாங்கியதில்லை. அது அவன் மீன். துண்டு துண்டாக மசாலா தடவி, எண்ணெயில் போட்டுக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். ஏகாம்பரம் வீட்டுக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்து அனுப்பினாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர், "இன்னாம்மா விசேஷம்?" என்று கத்தினார்.

"எம்பொண்ணுக்குக் கவுன்ட் ஏறிடுச்சுண்ணே!"

சாப்பிடும்போது சகாயம்மாள் சொன்னாள்: "இந்த வருசம் பெசன்ட் நகர் போலாம். கொடியேத்தத்துக்கும் போலாம், எட்டாந்தேதியும் போலாம்."

ஆன்சன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் ஸ்டெஃபியைப் பார்த்தான்.

ட்ரிப்ஸ் போட்டால் கூட்டத்தில் போகக்கூடாது. அடுத்த வாரம் தேதி கொடுத்திருந்தார்கள்.

மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது ஸ்டெஃபி அவனிடம் சொன்னாள். "ஏறினது நல்லது இல்லங்க. ஆனா அம்மாவப் பாத்தீங்கல்ல."

"பாத்தேன்." காய்ந்த சட்டையை மடித்துக்கொண்டே, "தள்ளிப்போட்டா இன்னா ஆவும்?" என்றான்.

"ஒண்ணும் ஆவாமயும் இருக்கலாம்."

"நீதான் ஓகே, ரிஜெக்ட்டு பாக்கறவ. நீ சொல்லு."

"டீவியேஷன்ல போடலாம்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அவளுக்கும் அந்த ஊசி, அந்த நெஞ்சுச் சளி, அந்தப் பத்து நாள் வேண்டாம் என்றிருந்தது. அதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்காக மட்டும் செய்தாள் என்றால் பொய்.

ட்ரிப்ஸ் வார்டில் அரவிந்தன் என்று ஒரு நர்ஸ். முந்தின நாள் போன் செய்து எல்லாரையும் ஒரே கேள்வி கேட்பான். "ஜுரம், சளி ஏதாவது இருக்காக்கா?"

"இருக்குப்பா" என்றாள் ஸ்டெஃபி. "ரெண்டு நாளா."

"அப்போ வேணாம். ஜுரம் விட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. மறந்துடாதீங்க, உங்களுக்கு ஏற ஆரம்பிச்சுடுச்சு. மேடம் சீக்கிரம் போடணும்னு எழுதியிருக்காங்க."

"சரிப்பா."

ஆகஸ்ட் கடைசியில் அவன் திரும்பக் கூப்பிட்டபோது கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருந்தது. சகாயம்மாளும் ஆன்சனும் வேண்டுதலுக்குக் காவி உடுத்திவிட்டார்கள். இந்த முறை ஸ்டெஃபி யோசிக்கவே இல்லை. "வயித்தால போவுதுப்பா" என்றாள்.

கொடியேற்றத்துக்கு ஆன்சன் கொரட்டூர்க் கூட்டத்தோடு நடந்தே போனான். அம்மாவும் பெண்ணும் ரயிலில் சென்ட்ரல் போய் பஸ் பிடித்தார்கள். கோயிலுக்குப் போகும் தெரு முழுக்கக் காவி. வெயிலில் ஸ்டெஃபிக்கு இடது கண் இன்னும் வெளுத்தது. அது பழக்கம்தான். காணிக்கைத் தகடு விற்கும் கடையில் சகாயம்மாள் நின்றுவிட்டாள்.

"இன்னா வேணும்மா? கண்ணா, காலா, வயிறா?"

"ரத்தம்."

கடைக்காரன் தட்டைக் கிளறினான். "ரத்தத்துக்கு இன்னாம்மா உருவம்? இதயம் எடுத்துக்க. அங்கதான ஓடுது."

"இதயம் நல்லாத்தான் கீது. அதுக்கு எதுக்கு?"

"அப்போ முழுப் பொம்பளயா எடுத்துக்க. எல்லாம் உள்ள அடக்கம்."

சகாயம்மாள் அதை வாங்கிப் பெண்ணிடம் கொடுத்தாள். பழக்கத்தில் ஸ்டெஃபியின் கட்டைவிரல் விளிம்பைச் சுற்றி ஓடியது. அச்சு தேய்ந்துபோனது, விளிம்பு முழுக்கப் பிசிறு. கம்பெனியாக இருந்தால் ரிஜெக்ட் தட்டு. "நல்லா கீதும்மா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

தகட்டைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு மாதாவுக்கு முன்னால் நின்றபோது சகாயம்மாள் அழவில்லை. ஏழு வருஷம் பேசாமலிருந்த சொந்தக்காரி வீட்டுக்குள் முதல் முறை நுழைபவளைப் போல, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள்.

எட்டாம் தேதி முடிந்தது. செப்டம்பர் இருபதுக்குத் தேதி கொடுத்தார்கள். அந்த வாரம் கம்பெனியில் வாங்குபவர்களின் ஆடிட். "இந்த ஒரு வாரம் மட்டும் லீவு போடாதம்மா" என்று ஹேமநாதன் கேட்டுக்கொண்டார். "போனியா இல்லியாடி?" என்று ஜமீலா கேட்டபோது, "அடுத்த மாசம்" என்றாள். "உன் வாயில அடுத்த மாசம் மூணு தடவ வந்துருச்சு" என்றாள் ஜமீலா.

அக்டோபர் இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டுக்கு முன் ஹேமநாதன் ஒரு தட்டோடு அவள் மேசைக்கு வந்தார். கோபமாக வரவில்லை. குழம்பிப்போய் வந்தார்.

"ஸ்டெஃபி, இது உன் ஓகே தட்டு."

"ஆமா சார்."

ஒரு வளையத்தை எடுத்து அவள் முன் நீட்டினார். "பாரு."

அவள் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தாள். கறுப்பு வளையம். நடுவில் ஒரு வெள்ளைப் புகை. விளக்கில் தூசி என்று நினைத்து முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். புகை போகவில்லை. வளையத்தை நகர்த்தினால் புகையும் கூடவே நகர்ந்தது.

"வெட்டு கீதும்மா" என்றார். "குறுக்கால. வெறுங்கண்ணுக்கே தெரியுது."

ஸ்டெஃபி வளையத்தை விரலில் சுற்றினாள். கட்டைவிரல் கண்டுபிடித்துவிட்டது. கண்தான் கண்டுபிடிக்கவில்லை. காலையிலிருந்து ஆயிரத்து எண்ணூறு வளையம் அவள் ஓகே சொல்லியிருந்தாள். கண் கொஞ்சம் வலிக்கிறது, ஏ.சி. காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

எதிரிலிருந்து ஜமீலா எழுந்து வந்தாள். ஸ்டெஃபியின் இடது கண்ணைக் கையால் மூடி, மூன்று விரலைக் காட்டினாள்.

"எத்தினி?"

ஸ்டெஃபி கையை நீட்டி, ஜமீலாவின் விரல்களைத் தொட்டு எண்ணினாள்.

ஐந்து நாள் ஸ்டீராய்டு ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். புது ஸ்கேனில் கண் நரம்பில் ஒன்று, முதுகுத் தண்டுவடத்தில் ஒன்று, இரண்டு புதுப் புள்ளி. வலது கால் இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாள். "ஜூலையில ஜுரம், ஆகஸ்ட்ல வயித்துப்போக்கு" என்று படித்தாள்.

"ரெண்டும் பொய் மேடம்" என்றாள் ஸ்டெஃபி.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று ஸ்டெஃபி நினைத்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"தள்ளிப்போட்டதாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் தள்ளிப்போட்டும் ஒண்ணும் ஆகாதவங்க இருக்காங்க. நாள் தவறாம போட்டும் வந்தவங்க இருக்காங்க."

"அப்போ போட்டிருந்தாலும் வந்திருக்குமா?"

"தெரியாது. வராம இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அவ்ளோதான் சொல்ல முடியும்."

கம்பெனியில் திரும்பி வந்த சரக்குக்கு எப்போதும் ஒரு காரணம் எழுதி, ஒரு பெயர் எழுதி, மூடிவிடுவார்கள். இங்கே அதுகூடக் கிடைக்கவில்லை.

அன்று வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சகாயம்மாள் கேட்டாள். உள்ளே பேசியதில் பாதி அவளுக்குப் புரிந்திருந்தது.

"அப்போ ஏறினது நல்லது இல்லியா?"

"இல்லம்மா."

"உனுக்குத் தெரியுமா அப்பவே?"

"தெரியும்."

"பின்ன ஏன்டி சொல்லல?"

ஸ்டெஃபிக்குச் சொல்ல நிறைய இருந்தது. "நீ வஞ்சிரம் வாங்கினு வந்துட்டம்மா" என்றாள்.

சகாயம்மாள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, ஒரு மீனா பெருசு?" என்றாள். பிறகு, யாரிடமும் இல்லாமல், "அந்தத் தகட்ட வாங்கி உள்ள வெச்சிகினாங்களே மாதா" என்றாள்.

நவம்பரில் விட்டுப்போன மருந்தை ஏற்றினார்கள். பார்வை கொஞ்சம் திரும்பியது. முகத்தின் ஓரம் தெரியும், நடு தெரியாது. கதவு தெரியும், தாழ்ப்பாள் தெரியாது. ஹேமநாதன் நல்ல மனிதர். அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார். அங்கே வளையத்தை எடை போட்டுக் கவரில் கொட்ட வேண்டும். தராசின் எண் அவளுக்குத் தெரியவில்லை. ஜமீலா வேலைக்கு நடுவே ஓடி வந்து படித்துச் சொன்னாள். ஜமீலாவின் வேலை பின்தங்கியது. மூன்று வாரம் பார்த்துவிட்டு ஸ்டெஃபியே போய் எழுதிக் கொடுத்தாள். பதினான்கு வருஷத்துப் பூதக்கண்ணாடிக்கு அடுத்த நாளே வெள்ளானூரிலிருந்து ஒரு பெண் வந்துவிட்டாள். இரண்டு கண்ணும் நல்ல கண் என்று ஜமீலா போனில் சொன்னாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று போனை வைத்துவிட்டாள்.

இந்த வருஷம் ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், புது ரிப்போர்ட் வந்தது. ஆன்சன் வாங்கி வந்து வைத்துவிட்டு அம்பத்தூரில் ஒரு வேலைக்குப் போய்விட்டான். ஸ்டெஃபியால் படிக்க முடியாது. சகாயம்மாளால் எண்ணை மட்டும் படிக்க முடியும்.

அடுப்பில் குக்கர் இருந்தது. சகாயம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். விரலை வரிவரியாக இறக்கினாள்.

"சைபர்" என்றாள்.

"பக்கத்துல எல் போட்டு கீதா?"

"போட்டு கீது."

"சரிம்மா. அது போதும்."

எது போதும் என்று சகாயம்மாள் கேட்கவில்லை. ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய இடம். இத்தனை நாள் காலையிலும் மாலையிலும், அது சைபராகவே இருக்கட்டும் என்றுதான் வேண்டியிருந்தாள். ஆனாலும் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. காகிதத்தை மடித்தாள். நாற்காலி போட்டு ஏறி, பீரோவுக்கு மேலிருந்த பாத்திரக்கடைப் பைக்குள், மற்றவற்றோடு வைத்தாள். வீட்டில் வேறு பை இல்லாமலில்லை.

குக்கர் விசில் வரவில்லை. பக்கவாட்டில் உஸ்ஸென்று ஆவி கசிந்துகொண்டிருந்தது.

"இத இன்னான்னு பாருடி" என்று சகாயம்மாள் அடுப்பை அணைத்து, ஆவி அடங்கியதும் மூடியிலிருந்த ரப்பரைக் கழற்றி, தண்ணீரில் காட்டிவிட்டு அவள் கையில் கொடுத்தாள். பாரு என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஸ்டெஃபி ரப்பரைக் கட்டைவிரலில் ஒரு சுற்று விட்டாள். முக்கால் சுற்றில் விரல் நின்றது.

"வெட்டு கீதும்மா. குறுக்கால. மாத்தணும்."

"ஞாயித்துக்கெழம வாங்கிக்கலாம். இன்னிக்கு ஒரு நாளு ஓட்டிக்கலாம்."

ஸ்டெஃபி ரப்பரைத் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, வெட்டு இருந்த இடத்திலேயே விரலை வைத்திருந்தாள்.

சகாயம்மாள் அந்த விரலைப் பார்த்தாள். பிறகு பாதி வெந்த அரிசியைக் குண்டானில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மூடாமல் அடுப்பில் வைத்தாள்.